ஆள் வருமுன் அழுந்திய மெத்தைகள்

ஆற்றுப் பாலத்துச் சண்டை தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே, அதில் அடிபடப் போகிறவர்களின் பாரம் ராணுவ மருத்துவமனையின் மெத்தைகளில் வந்து இறங்கிவிட்டது. விரிப்பு மாற்ற வந்த சலவைக்காரர்தான் முதலில் பார்த்தார். மாடி வார்டில் யாருமே படுக்காத மெத்தைகள் ஒரு டஜன், ஆள் படுத்ததுபோல் நடுவில் அழுந்திக் கிடந்தன. வார்டு ஆட்கள் வேலை நேரத்தில் ஏறிப் படுத்து எழுந்திருக்கிறார்கள் என்று அவர் சத்தம் போட்டார். பஞ்சைத் தட்டிச் சமன் செய்தார். கையை எடுத்ததும் பள்ளம் மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது. புரட்டிப் போட்டார், மறுபக்கமும் அழுந்தியது. அடுத்த வாரம் லாரிகள் வந்தன. இறக்கப்பட்டவர்கள், அளவெடுத்துத் தைத்த சட்டைக்குள் கை நுழைப்பதுபோல், ஆளுக்கொரு பள்ளத்தில் பொருந்திக்கொண்டார்கள். ஒரு மெத்தையில் மட்டும் இடுப்புக்குக் கீழே ஒரே ஒரு காலுக்குத்தான் தடம் இருந்தது. அதில் யாரைப் படுக்க வைப்பது என்று எவரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு சலவைக்காரருக்கு இருந்த குறை ஒன்றே ஒன்றுதான்: பள்ளம் விழுந்த மெத்தைக்கு விரிப்பின் நீளம் போதவில்லை.

மருத்துவமனை முன்பு நூற்பாலையாக இருந்தது. இயந்திரங்களைப் பெயர்த்த இடங்களில் போல்ட்டுகள் இன்னும் தரையில் துருத்திக்கொண்டிருந்தன. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் வாரம் கால் விரலைக் காவு கொடுப்பார்கள். கீழ்த்தளம் நோயாளிகளுக்கு, மாடி காயம் பட்டவர்களுக்கு. மாடிப்படிக்கு அடியில், ஒரு மேசையும் ஒரு மின்விசிறியும் மட்டுமே கொள்ளும் அறையில், கல்லூரியில் புள்ளியியல் படித்த பெண் ஒருத்தி உட்கார்ந்து, வரப்போகும் சண்டையில் எத்தனை பேர் படுப்பார்கள் என்று முன்கூட்டியே கணித்துக் கொடுத்தாள். எந்தப் படை, எந்த நிலம், எத்தனை நாள் நடை, என்ன தண்ணீர், மழையா வெயிலா என்று கேட்டுக்கொண்டு, ஆயிரம் பேருக்கு ஒரு நாளைக்கு இத்தனை காயம், இத்தனை காய்ச்சல், இத்தனை வயிற்றுக் கோளாறு என்று எழுதுவாள். வாயைத் திறந்தாலே "ஆயிரத்துக்கு" என்றுதான் ஆரம்பிப்பாள் என்பதால் எல்லோருக்கும் அவள் ஆயிரத்தம்மா ஆனாள். அவள் கணிப்பை எழுதி முடித்துப் பேனாவை மூடிய பிறகே மெத்தைகள் அழுந்துகின்றன என்பதைக் கவனித்துச் சொன்னவர் தலைமை நர்ஸ். அவள் எழுதியதற்கும் அழுந்தியதற்கும் சில சமயம் ஒன்றிரண்டு வித்தியாசம் இருக்கும். மெத்தைகள் சொன்னதுதான் எப்போதும் சரியாக இருந்தது. அவள் அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை. "அதுங்களுக்கு ஆளைத் தெரியுது. எனக்குக் கூட்டத்தைத்தான் தெரியும்," என்பாள்.

அவளுடைய கணிப்புகளில் அதிகாரிகளுக்குப் பிடிக்காத விஷயம் ஒன்று உண்டு. தோட்டாவுக்கு ஒருவன் விழுந்தால் கொசுவுக்கும் குட்டைத் தண்ணீருக்கும் ஈரக் காலுறைக்கும் மூன்று பேர் விழுகிறார்கள் என்று அவள் தயவு தாட்சண்யம் இல்லாமல் எழுதினாள். ஒரு மேஜர் படியிறங்கி வந்து அவளிடம் மல்லுக்கு நின்றார். "ஏம்மா, நெஞ்சை நிமித்திக்கிட்டுப் போனவன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்தான்னு எழுதுறியே, நல்லாவா இருக்கு?" என்று கேட்டார். "வயிறு பதக்கத்தைப் பார்த்தா கலங்குது சார்?" என்று அவள் கேட்டாள். அதே வாரம் மேஜருக்கே வயிறு கலங்கி, கீழ்த்தளத்தில் ஜன்னலோர மெத்தையில், தனக்கென்று முன்பே விழுந்திருந்த பள்ளத்தில் வந்து படுத்தார். அதற்குப் பின் அவர் அவளுக்கு வணக்கம் சொல்லாமல் அந்தப் படியைக் கடந்ததில்லை.

பள்ளம் என்றால் வருத்தம், சமமான மெத்தை என்றால் சந்தோஷம் என்றுதான் மருத்துவமனை முதலில் எண்ணியிருந்தது. அந்தத் தப்பைச் செய்ய அவர்களால் மட்டுமே முடியும். வேறு யாருக்கு அப்படி மெத்தைகள் இருந்தன? மலைக் கணவாயைக் காக்க ஒரு சிறு படை போனபோது, ஆயிரத்தம்மா காயத்துக்கு முப்பது பேர் என்று எழுதினாள். மாடியில் ஒரு மெத்தைகூட அழுந்தவில்லை. தலைமை நர்ஸ் எல்லோருக்கும் சர்க்கரை கூட்டித் தேநீர் போடச் சொன்னார். டிரெஸ்ஸிங் அறையில் யாரோ பாடினார்கள். கணவாயிலிருந்து லாரி வரவே இல்லை. கொண்டுவர ஆள் மிஞ்சியிருந்தால்தானே வரும்? செத்தவர்களுக்கு மெத்தை தேவையில்லை என்பது அவ்வளவு எளிய விஷயம், ஆனால் அதுவரை யாருக்கும் அது உறைக்கவில்லை. அந்த நாளுக்குப் பின் அங்கே யாரும் சுருக்கமில்லாத விரிப்பைப் பார்த்துச் சிரித்ததில்லை. பள்ளம் விழுந்த மெத்தையைக் கடக்கும்போதுதான், "வா ராசா, வந்து சேரு," என்று மெல்லத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மழை தொடங்கும் பருவத்தில் சதுப்பு நிலத்தின் வழியாகப் படையெடுப்பதென்று முடிவாயிற்று. எதிரி அந்தப் பக்கம் காவலே வைக்கவில்லை, ஆகவே தோட்டா குறைவு என்பது தளபதியின் கணக்கு. ஆயிரத்தம்மா தன் கணக்கை எழுதிப் பேனாவை மூடினாள். மாடியில் கொஞ்சம் மெத்தைகள்தான் அழுந்தின. கீழ்த்தளத்திலோ அத்தனையும் அழுந்தி, பிறகு நடைபாதையில் போட்டிருந்த பாய்கள் அழுந்தி, கடைசியில் மருந்தறையில் அடுக்கி வைத்திருந்த புது மெத்தைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அழுந்தின. தொட்டால் சுட்டன. சதுப்புக் காய்ச்சல். போகிறவர்களில் பாதிப் பேர் எதிரியின் முகத்தைப் பார்க்காமலே திரும்பி வரப் போகிறார்கள் என்று அவள் எழுதி அனுப்பினாள். துப்பாக்கி ரவைப் பெட்டிகளை மூன்று லாரியிலிருந்து இறக்கிவிட்டு, அந்த இடத்தில் கொசுவலையும் காய்ச்சிய தண்ணீர்ப் பீப்பாயும் மாற்றுக் காலுறையும் ஏற்ற வேண்டும் என்று கீழே சேர்த்திருந்தாள்.

தளபதி நேரிலேயே வந்துவிட்டார். வாட்டசாட்டமான மனிதர், குரல் மட்டும் ஆளுக்குப் பொருந்தாமல் மென்மையாக இருக்கும். "போருக்குப் போறோமா, வலை கட்டித் தூங்கப் போறோமா?" என்று கேட்டார்.

"தூங்கி எழுந்தாத்தானே சார் போர்?"

"உன் பள்ளத்தையெல்லாம் நான் நம்பல."

"நம்ப வேணாம் சார். படுத்துப் பாருங்க."

யாரும் அதற்கு முன் ஆள் வராத பள்ளத்தில் படுத்துப் பார்த்ததில்லை. தளபதி தொப்பியைக் கழற்றித் தலைமை நர்ஸிடம் கொடுத்துவிட்டு, பூட்ஸ் காலோடு, நடுவரிசையில் ஒரு பள்ளத்தில் சாய்ந்தார். அது அவரைவிட ஒல்லியான ஒருவனுக்கானது. தோள் இரண்டு பக்கமும் பிதுங்கியது. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருடைய பற்கள் ஒன்றோடொன்று மோதத் தொடங்கின. கட்டில் ஆடியது. போர்வை மேல் போர்வையாகப் போர்த்தினார்கள், நடுக்கம் நிற்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, தனக்கு அறிமுகமே இல்லாத ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லித் தண்ணீர் கேட்டார். இருவர் பிடித்துத் தூக்கி நிறுத்தியதும் எல்லாம் நின்றது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, சட்டையைச் சரி செய்துகொண்டு, "எத்தனை லாரி கேட்டே?" என்றார்.

"மூணு சார்."

"நாலு எடுத்துக்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மருத்துவமனைத் தையற்கூடத்தின் பொறுப்பில் இருந்தவள் ஆயிரத்தம்மாவின் மாமியார். மருமகளும் மாமியாரும் பணியாளர் குடியிருப்பில் ஒரே அறையில், ஒரே அடுப்பில், ஒருவர் குறட்டையை ஒருவர் குறைசொல்லிக்கொண்டு வாழ்ந்தார்கள். இருவருக்கும் நடுவில் இருக்க வேண்டிய ஆள் படையில் தந்திக் கம்பி இழுக்கும் பிரிவில் இருந்தான். படை முன்னேறும்போது முதுகில் கம்பிச் சுருளோடு முன்னால் போய், பின்வாங்கும்போது அதைச் சுருட்டிக்கொண்டு கடைசியில் வருகிற வேலை. தையற்கூடத்துக்குக் கொசுவலைத் துணி வந்து இறங்கிய அன்று, கீழ்த்தளத்தைச் சுற்றி வந்த ஆயிரத்தம்மா, தூணுக்குப் பக்கத்து மெத்தையில் அவனைப் பார்த்தாள். இடது பக்கம் ஒருக்களித்து, வலது முழங்காலை நெஞ்சுவரை மடக்கி, ஒரு கையைத் தலையணைக்கு அடியில் செருகிப் படுத்த பள்ளம். கட்டிலில் முக்கால் பங்கைப் பிடித்துக்கொண்டு அவளைச் சுவரோடு ஒட்ட வைக்கும் அதே படுக்கை. அவள் இரண்டு வருடம் அந்த முழங்காலோடு சண்டை போட்டிருக்கிறாள். அவளுக்குத் தெரியாதா?

அவள் பள்ளத்தில் கை வைத்தாள். அனலாய்ச் சுட்டது. அத்தனை பேர் நடந்துபோகும் வார்டில் நின்றபடி அவள் சிரித்தாள். காய்ச்சல்தான், வந்துவிடுவான். மண்ணோடு போகாமல், கணவாய்க்காரர்களைப் போல் சுவடில்லாமல் போகாமல், சுடச்சுட இந்த மெத்தைக்கு வந்து சேர்ந்துவிடுவான். ஓடிப்போய் மாமியாரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். மாமியார் ஒருமுறை பார்த்தாள்; தலையணை ஓரத்தில் அழுந்தியிருந்த விரல் தடத்தைத் தடவினாள். "சின்ன வயசிலேருந்து இப்படித்தான், நண்டு மாதிரி படுப்பான்," என்றாள். பிறகு வலை தைத்த நாலு நாளும் இரண்டு பேரும் வேளைக்கு ஒருமுறை போய் அவன் காய்ச்சல் குறைந்துவிடவில்லையே என்று தொட்டுப் பார்த்தார்கள். உலகத்தில் எந்த மனைவியும் எந்தத் தாயும் செய்யாத பிரார்த்தனை அது.

மாமியார் கெட்டிக்காரி. நாலாம் நாள் மதியம், தையற்கூடத்தில் எல்லா இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருக்கும்போது, அவள் காலை மிதியிலிருந்து எடுத்தாள். மற்றவர்களும் நிறுத்தினார்கள். மருமகளை ஆளனுப்பிக் கூப்பிட்டாள்.

"ஏண்டி, இந்த வலை போனா காய்ச்சல் வராது, அப்படித்தானே?"

"ஆயிரத்துக்கு நாப்பது அம்பதுன்னு குறைஞ்சிடும் அத்தை."

"ஆயிரத்தை விடு. என் புள்ளைக்கு வருமா வராதா?"

ஆயிரத்தம்மா மேசையில் கிடந்த வலைத் துணியின் ஓரத்தை நீவிவிட்டாள்.

"வரலைன்னா அந்தப் பள்ளம் போயிடும். போனா அவன் எங்க இருப்பான்? சொல்லு. படிச்சவதானே நீ!"

"தெரியாது அத்தை."

"நல்லாவும் இருக்கலாம். இல்லாமலும் போகலாம். இல்லையா?"

"ஆமா."

"அப்போ நான் தைக்க மாட்டேன். என் கையால நான் அவன் படுக்கையைச் சுருட்ட மாட்டேன். நீ வேணா தைச்சுக்க, அவன் உனக்கு யாரோதானே!"

அந்தக் கடைசி வார்த்தை சுருக்கென்று தைத்தது. ஆனாலும் ஆயிரத்தம்மாவால் கோபப்பட முடியவில்லை. ஏனென்றால் அவளும் காலையிலிருந்து அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். எந்தப் பிரிவுக்கு எத்தனை வலை என்று பிரித்துக் கொடுப்பது அவள் வேலை. கம்பிப் பிரிவைக் கடைசியில் போட்டு, துணி தீர்ந்துவிட்டது என்று சொன்னால், யார் கேட்கப் போகிறார்கள்? ஒரு சின்னப் பிரிவு. ஆயிரத்துக்கு ஒன்றோ ஒன்றரையோ. அவள் அந்த நினைப்பை மென்று விழுங்க முடியாமல் நின்றாள்.

"வாங்க அத்தை, ஒரு தடவை பார்த்துட்டு வந்துடலாம்," என்றாள்.

இரண்டு பேரும் தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றார்கள். மாமியார் மகனுடைய பள்ளத்தில் கை வைத்தாள். தாய்க்குக் கையே காய்ச்சல்மானி, "நூத்திரெண்டு," என்றாள். கையை எடுத்தவள், வைக்க இடம் தேடுவதுபோல், அடுத்த மெத்தையிலும் வைத்துவிட்டாள். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "இவனுக்கு நூத்தி நாலு தாண்டுதேடி," என்றாள். அதற்கடுத்த மெத்தைக்குப் போனாள். அங்கே தலை அழுந்திய இடத்தில் விரிப்பு வியர்வையில் நனைந்திருந்தது. யாரும் சொல்லாமலே அவள் முந்தானையால் அதை ஒற்றி எடுத்தாள். அப்படியே வரிசையின் கடைசி வரைக்கும் போய்விட்டாள். கடைசி மெத்தையில் பள்ளம் விழுவதும் எழுவதுமாக இருந்தது, மூச்சுத் திணறுகிறவன் நெஞ்சுபோல. அதன் விளிம்பில் அவள் உட்கார்ந்தாள். "யார் பெத்த புள்ளையோ, இது தாங்காது," என்றாள். பிறகு எழுந்து மூக்கைச் சிந்திவிட்டு, மருமகளைப் பார்க்காமலே, "எந்தப் பிரிவுக்கு முதல்ல தைக்கணும்?" என்று கேட்டாள்.

"முன்னாடி போறவங்களுக்கு அத்தை. கம்பிப் பிரிவுக்கு."

"ம்," என்று சொல்லிவிட்டு மாமியார் தையற்கூடத்துக்கு நடந்தாள். அன்று அவள் மிதித்த மிதியில் இயந்திரப் பட்டை இரண்டு முறை அறுந்தது. கொசு நுழைய ஊசிமுனை இடமும் இருக்கக்கூடாது என்று, எல்லா வலைக்கும் ஓரத்தை இரட்டையாக மடித்து அடிக்கச் சொல்லி மற்றவர்களையும் பாடாய்ப் படுத்தினாள்.

மறுநாள் நாலு லாரிகளும் கிளம்பின. கம்பிப் பிரிவுக்கான மூட்டைகளை ஆயிரத்தம்மா தானே தூக்கி ஏற்றினாள். லாரிகள் வாசலைத் தாண்டும்போதே மருந்தறையிலிருந்த மெத்தைகள் நிமிரத் தொடங்கின. பிறகு பாய்கள். பிறகு ஒவ்வொரு வரிசையாக, மாவு உப்புவதுபோல் சத்தமில்லாமல், பள்ளங்கள் மேலெழுந்து சமமாயின. தூணோரத்து மெத்தைதான் கடைசிவரை அடம்பிடித்தது. முதலில் தோள் போயிற்று, பிறகு இடுப்பு. முழங்கால் மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. அதுவும் போனதும் தலைமை நர்ஸ் வந்து விரிப்பை இழுத்துச் செருகிவிட்டு, ஆயிரத்தம்மாவின் தோளில் கை வைத்தார். அங்கே யாரும் சுகம் என்றும் சொல்லவில்லை, துக்கம் என்றும் சொல்லவில்லை.

படை சதுப்பைக் கடந்தது. அந்த நிலத்தில் அதுவரை போன எந்தப் படையும் அத்தனை பேரோடு அக்கரை ஏறியதில்லை என்று செய்தி வந்தது. சண்டை நடந்தது, மாடி மெத்தைகளுக்கு உரியவர்கள் லாரிகளில் வரத் தொடங்கினார்கள். கம்பி அறுந்துவிட்டது என்றார்கள், கம்பிப் பிரிவைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை என்றார்கள். மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் குறை சொல்வதை நிறுத்திவிட்டார்கள். குடியிருப்பில் பக்கத்து அறைக்காரர்களுக்கு அதுதான் பயமாக இருந்தது. ஒரு பிற்பகல் கடைசி லாரி வந்தது. ஒரு ஸ்ட்ரெச்சர் இறங்கியது. முன்பக்கம் பிடித்தவன் வார்டு ஆள். பின்பக்கம் பிடித்தவன், இடுப்புவரை சேறு காய்ந்து மண்பொம்மைபோல் நின்றவன், "கொஞ்சம் வழி விடு," என்று சொன்ன பிறகுதான் ஆயிரத்தம்மாவுக்குத் தன் முன்னால் நிற்பது யார் என்று தெரிந்தது.

மாமியார் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து அவன் நெற்றியில் கை வைத்தாள். "காய்ச்சலே இல்லையேடா!" என்றாள், ஏதோ வாக்குக் கொடுத்து ஏமாற்றியவனைக் கேட்பதுபோல்.

"ஏம்மா, இருந்தே ஆகணுமா?" என்று அவன் விழித்தான். அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். அவன் ஸ்ட்ரெச்சரை மாடியில் வைத்துவிட்டு வந்தபின் எல்லாவற்றையும் அம்மாவின் வாயாலேயே கேட்டுக்கொண்டான். பிறகு மனைவியின் பக்கம் திரும்பினான்.

"ஆக, எனக்குக் காய்ச்சல் வரணும்னு வேண்டிக்கிட்டிருந்தே?"

"நாலு நாள்."

"அஞ்சாம் நாள்?"

"வலையை ஏத்திட்டேன்," என்றாள். அவன் சேற்றுக் கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் சட்டையில் துடைத்துக்கொண்டு, அதன் பிறகே அவள் முகத்தைத் தொட்டான். "ஓரம் ரெட்டையா மடிச்சிருந்தது. நாங்க எல்லாரும் உள்ள படுத்துக்கிட்டு, வெளிய கொசு கத்துறதைக் கேட்டுச் சிரிச்சோம்," என்றான்.

கீழ்த்தளத்தில் அந்த முறை படுத்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மாடியில் எல்லாப் பள்ளங்களும் நிறைந்தன, ஒன்றைத் தவிர. வலது தோள் மட்டும் ஆழமாக அழுந்திய, உயரமான ஒருவனுடைய பள்ளம். அவன் வரவில்லை. படையும் அவனை இறந்தவர்களில் சேர்த்துவிட்டது. ஆனால் மெத்தை நிமிரவில்லை. கட்டில் பற்றாக்குறை வந்தபோது அதில் வேறொருவரைப் படுக்க வைக்கலாம் என்றார்கள். ஆயிரத்தம்மா கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "பள்ளம் இருக்கிற வரைக்கும் ஆளு இருக்கான். அவன் வீட்டுக்காரிக்குப் பார்க்கக் கொடுத்து வைக்கல, நானாவது பார்த்துக்கறேன்," என்றாள். தலைமை நர்ஸ், "அந்தக் கட்டிலை யாரும் தொடக்கூடாது," என்று உத்தரவு போட்டார்.

போர் முடிந்தது. மருத்துவமனை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. மாமியார் மகனுடைய மகளுக்குப் பாவாடை தைத்துக் கொடுத்துவிட்டு, அவள் பள்ளிக்கூடம் போகிறவரை இருந்து, காலமானாள். தலைமை நர்ஸ் ஓய்வு பெற்றார். மூன்று கண்காணிப்பாளர்கள் மாறினார்கள். மூவரும் அந்த மெத்தையை அப்புறப்படுத்தச் சொன்னார்கள், மூவரும் ஆயிரத்தம்மாவோடு ஒருமுறை பேசிய பிறகு அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். பள்ளம் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு மாறியது. மெலிந்தது. முதுகு வளையத் தொடங்கியது. ஒரு குளிர்காலம் முழுக்க அது இருமலில் குலுங்கிக்கொண்டிருந்தது. அப்போது அவள் அதன்மேல் இரண்டு கம்பளி போர்த்தி வைத்தாள்.

அவளுக்கு முக்கால் தலை நரைத்திருந்த ஒரு காலைப் பொழுதில், பேருந்திலிருந்து இறங்கிய ஒரு கிழவர் மருத்துவமனை வாசலில் நின்று, தான் எங்கே போக வேண்டும் என்று கேட்டார். எல்லைக்கு அப்பால் சிறையிலும், சிறைக்குப் பிறகு யாரோ ஒருவருடைய நிலத்திலும் அவருக்கு வயது போயிருந்தது. வலது தோளை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தார். புதிய நர்ஸ் எதுவும் கேட்காமல் அவரை மாடிக்கு அழைத்துப் போனாள். அவர் செருப்பைக் கழற்றி விட்டு, கட்டிலில் உட்கார்ந்து, மெல்லச் சாய்ந்தார். தோள், முதுகு, மடங்கிய கால், எல்லாம் அதனதன் இடத்தில் போய் அமர்ந்தன. யாரோ ஆயிரத்தம்மாவுக்குச் சொல்லியனுப்ப, அவள் மூச்சு வாங்கப் படியேறி வந்தாள்.

"வழி ரொம்ப நீண்டுடுச்சும்மா. வேற யாருக்கோ கொடுத்திருப்பீங்கன்னு நினைச்சேன்," என்றார் அவர்.

"அதெப்படி? உங்களுக்குன்னு இடம் போட்டு வெச்சிருந்தோமே," என்று சொல்லிவிட்டு, அவள் தோள்காயத்தைப் பார்க்க டாக்டரைக் கூப்பிட்டாள்.